பூட்டினும் வலியது அயலார் கண்

வீட்டில் களவு போனால் பூட்டையும் காவல்துறையையும் குறைகூறி ஓய்ந்துவிடுகிறோம். களவு பாவம் என்பதில் ஐயமில்லை. ஏழாம் கட்டளை அதை விலக்குகிறது. ஆனால் ஒரே நகரில் ஒரு பகுதியில் களவு மலிந்தும், மற்றொரு பகுதியில் அரிதாகவும் இருப்பதேன்? இவ்வினாவுக்கு விடை தேடிய ஊர் ஒன்று உண்டு.

இங்கிலாந்தில், மான்செஸ்டருக்கு வடக்கே உள்ளது ராச்டேல் நகர். 1844-இல் நெசவாளரும் பிற தொழிலாளரும் தொடங்கிய கூட்டுறவுக் கடையால் உலகப் புகழ் பெற்றது. அந்நகரின் கிர்க்ஹோல்ட் என்னும் குடியிருப்பில் ஏறத்தாழ 2,280 வீடுகள் இருந்தன. எளிய குடும்பங்கள், நகராட்சியின் வாடகை வீடுகள். 1985-ஆம் ஆண்டில், அங்கே ஏறக்குறைய நான்கு வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் திருட்டு நிகழ்ந்தது.

காவல்துறையினரும், நன்னடத்தை அலுவலரும், ஆய்வாளரும் ஒன்றுகூடினர். பறிகொடுத்தோரையும், அயலாரையும், தண்டனை பெற்ற திருடரையும் நேரில் கண்டு விசாரித்தனர். மூன்று உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, மின்சாரமும் எரிவாயுவும் பெற நாணயமிடும் மீட்டர்கள் பல வீடுகளில் இருந்தன. ஏழையின் வீட்டிலேயே ஓர் உண்டியல்! திருடனின் கை முதலில் அதையே நாடியது. இரண்டாவது, ஒருமுறை களவு போன வீட்டில் மீண்டும் களவு நிகழும் வாய்ப்பு, பிற வீடுகளைவிட நான்கு மடங்கு இருந்தது. மூன்றாவது, ஆளில்லாத வீடு, பார்ப்பாரில்லாத வாசல் இவையே திருடனை அழைத்தன.

1986-இல் தொடங்கிய திட்டத்தின்படி, நாணய மீட்டர்கள் அகற்றப்பட்டன. களவு போன வீட்டின் கதவும் தாழும் உடனே வலுப்படுத்தப்பட்டன. அவ்வீட்டைச் சூழ வாழும் ஆறு குடும்பத்தாரளவில், அதன்மீது கண்வைக்க இசைந்தனர். புழுவைக் காக்கும் பட்டுக்கூட்டைப்போல் அயலார் அமைந்ததால், இதற்குக் 'கூடு' என்றே பெயரிட்டனர். பின்னர், கடனும் வேலையின்மையும் குடியும் களவுக்குத் தூண்டுவதை உணர்ந்து, கூட்டுறவுக் கடன் சங்கமும் நிறுவினர். மூன்றே ஆண்டுகளில் களவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

அன்பார்ந்த குடும்பத்தாரே, நல்ல சமாரியன் உவமையை நினைத்துப் பாருங்கள். வழியில் கிடந்தவன் கள்வர் கையில் அகப்பட்டவனே. அவனைக் கண்டும் விலகிச் சென்ற இருவரும் எதையும் திருடவில்லை. ஆயினும் ஆண்டவர் அவர்களை நமக்கு முன்மாதிரியாகக் காட்டவில்லை. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், களவை விலக்கும் அதே ஏழாம் கட்டளையின் கீழ்தான் சமூக நீதியையும் ஏழையர்பால் அன்பையும் கற்பிக்கிறது.

ஆகவே, நம் அன்பியக் கூட்டங்களில் இரண்டு கேள்விகளை எழுப்புவோம். வெளியூர் செல்லும் குடும்பம் நம்பிச் சொல்லிச் செல்ல, அடுத்த வீட்டில் ஒருவர் உண்டா? வேலையின்றிக் கடனில் தவிக்கும் இளைஞனின் பெயரை நம்மில் யாரேனும் அறிவோமா? முதற் கேள்விக்கு மட்டும் விடை கண்டால் நம் வீடு காக்கப்படும். இரண்டாவதற்கும் விடை கண்டால் ஒரு மகன் காக்கப்படுவான்.