காற்று மட்டுமே கலக்கும் தொட்டி

மண்டபம் என்ற ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம், 2010-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல்விரால் மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. கடல்விரால் குஞ்சுகளுக்கு வளரும் பருவத்தில் தரும் உயிருள்ள தீனிகளில் ஒன்று ஆர்ட்டீமியா. அதன் முட்டைகள் கால் மில்லிமீட்டர் அளவே இருக்கும். நீரில் ஊறியதும் அவை அடியில் படியும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் பிராணவாயு கிடைக்காமல் பொரிவது குறைந்துவிடும்.

அவற்றை மிதக்க வைப்பது எப்படி?

தொட்டியின் கூம்பு வடிவ அடியிலிருந்து காற்றை விடுகிறார்கள். குமிழிகள் கலந்த நீர், கலக்காத நீரைவிட எடை குறைந்தது. அதனால் நடுவில் மேலேறுகிறது. மேலே காற்று பிரிந்துவிட, கனத்த நீர் ஓரமாக இறங்கி மறுபடி அடிக்குப் போகிறது. இந்தச் சுழற்சியின் வேகம் முட்டை படியும் வேகத்தைவிட அதிகமாக இருக்கும்வரை எதுவும் தேங்காது. தட்டையான அடி என்றால் மூலைகளில் ஓட்டம் செத்துவிடும். கூம்போ எல்லாவற்றையும் குமிழி எழும் இடத்துக்கே சரித்துவிடுகிறது. எளிமையான இந்த அமைப்பு உண்மையிலேயே வியக்கத்தக்கது!

சுழலும் இறக்கை இல்லாததால் மென்மையான உயிர்கள் வெட்டுப்படுவதில்லை. நுண்ணுயிர் வளர்க்கும் பெரிய ஆலைகளிலும் இதே காற்றேற்றக் கலன்கள் உண்டு. அங்கே மேலேறும் நீரையும் இறங்கும் நீரையும் நடுவில் ஒரு குழாய் பிரிக்கிறது.

28 டிகிரி வெப்பத்தில், நல்ல வெளிச்சத்தில், ஏறத்தாழ 24 மணி நேரத்தில் ஆர்ட்டீமியா பொரிந்துவிடும்.