உறைபனியைத் தாங்கும் செடிகள்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் மார்கழிக் குளிரில் நாம் நடுங்கினாலும் செடிகள் கருகுவதில்லை. உதகமண்டலத்திலோ ஒரே இரவில் தேயிலையும் உருளைக்கிழங்குச் செடியும் கருகிவிடுவதுண்டு. காரணம் என்ன?

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே திருச்சியைவிட அங்கே சுமார் 14 டிகிரி குறைவு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலைகள் தம் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீசி இழக்கின்றன. சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகின்றன. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எனவே மலையில் தோட்டம் போடுவோர் மென்மையான செடிகளைப் பள்ளத்தில் நடலாகாது. சரிவில் நடுவதே நல்லது.

செடியைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். உயிரணுவுக்குள் பனிக்கட்டி உருவானால் அதன் சவ்வு கிழிந்து இலை கருகும். குளிர் தாங்கும் செடிகள் பனிக்காலம் நெருங்கும்போது உயிரணுக்களில் சர்க்கரையைச் சேர்க்கின்றன. உப்புநீரைப் போலவே சர்க்கரைநீரும் 0 டிகிரியில் உறையாது. பனிக்கட்டி உயிரணுக்களுக்கு இடையே மட்டும் உருவாவதால் அவை பிழைக்கின்றன. பேன்சி, முட்டைக்கோஸ், காரட் ஆகியவை ஓரளவு உறைபனியைத் தாங்கும். டாலியா, தக்காளி, உருளைக்கிழங்கு தாங்கா.

1848இல் தொடங்கப்பட்ட உதகை தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச் செடிகளை மிலார்ச் செடிகளால் மூடி வைப்பதை நீங்கள் பார்க்கலாம். அந்த மூடி வெப்பம் எதையும் உண்டாக்குவதில்லை. செடியின் வெப்பம் வானுக்குப் போய்விடாமல் மறைக்கிறது. உங்கள் தொட்டிச் செடிக்குப் பழைய சாக்கும் இதே வேலையைச் செய்யும்.