ஆலயம் ஓய்ந்தது, பள்ளி ஓயவில்லை

யூதர்களைப் பற்றி நம்மில் பலர் அறிந்தவை இரண்டு. ஒன்று, விவிலியம் கூறும் பண்டை வரலாறு. மற்றொன்று, இரண்டாம் உலகப் போரில் அவர்கள் பட்ட கொடுந்துயர். அவர்களில் ஒரு பிரிவினர் நம் நாட்டின் பெருநகரொன்றில் குடியேறி, ஆலயம் எழுப்பி, பள்ளிகளும் நடத்தினர் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். சென்ற ஆண்டு எங்கள் வரலாற்றுத்துறையின் கல்விச் சுற்றுலாவில் கொல்கத்தா சென்று வரும்வரை எனக்கும் அது தெரியாது.

கானிங் தெருவும் பிரபோர்ன் சாலையும் கூடுமிடத்தில், நடைபாதைக் கடைகளின் கூச்சலுக்கு மேலே செங்கல் கோபுரம் ஒன்று உயர்ந்து நிற்கிறது. மாதா கோயில் என்றே நினைத்தேன். அது 1884இல் கட்டப்பட்ட மாகேன் டேவிட் என்னும் யூத ஜெப ஆலயம். காவலர் கதவைத் திறந்து, தலையை மூடிக்கொள்ளச் சொன்னார். கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். சலவைக்கல் தரை, வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், தொங்கும் விளக்குகள், பெண்கள் அமர மாடம், பொன் விண்மீன்கள் பதித்த நீல விதானம் என எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஆனால் இருக்கைகளில் ஒருவரும் இல்லை.

"தொழுகை எப்போது நடக்கும்?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். பத்துப் பேர் சேர்ந்தால்தான் தொழுகை என்றும், இப்போது பத்துப் பேர் சேர்வதில்லை என்றும் அவர் சொன்னார். அந்தக் காவலர் ஓர் இஸ்லாமியர். அவர் சொன்ன விடையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கூடும் வீடும் கற்கும் வீடும்

யூத மரபில் கூட்டு வழிபாடு நடக்க, வயது வந்த ஆடவர் பத்துப் பேராவது கூடவேண்டும். எபிரேய மொழியில் ஜெப ஆலயத்திற்குக் 'கூடும் வீடு' என்றே பெயர். அதன் அருகிலேயே 'கற்கும் வீடு' ஒன்றும் இருக்கும். ஐரோப்பிய யூதர்கள் தம் பேச்சுமொழியில் ஆலயத்தையே 'ஷூல்', அதாவது பள்ளி, என்று அழைத்தனர்.

இதற்குக் காரணம் உண்டு. கி.பி. 70இல் உரோமானியர் எருசலேம் தேவாலயத்தை இடித்தபின் பலியிடும் வழிபாடு நின்றுபோயிற்று. எஞ்சியது நூல் ஒன்றே. தோரா எனப்படும் ஐந்து ஆகமங்களும் தோற்சுருளில் கையால் எழுதப்பட்டவை. திங்கள், வியாழன், ஓய்வுநாளாகிய சனி ஆகிய நாட்களில் அதனைப் பகுதி பகுதியாகச் சபையில் ஓதி, ஓராண்டில் முழுவதையும் முடிப்பர். அச்சுருளில் உயிர்க்குறிகள் கிடையா. முறையாகப் பயின்றவன்தான் பிழையின்றி ஓத முடியும். பதின்மூன்று வயது நிரம்பிய சிறுவன் சபையினர் முன் ஓதும் சடங்கே 'பார் மிட்ஸ்வா'. எனவே எழுத்தறியாத சமூகம் அங்கே வழிபடும் சமூகமாகவும் இருக்க இயலாது.

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யோசுவா பென் கம்லா என்னும் தலைமைக் குரு, ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார் என்று தால்முத் என்னும் பெருநூல் கூறுகிறது. ஓர் ஆசிரியருக்கு இருபத்தைந்து பிள்ளைகள். நாற்பதானால் உதவியாளர் ஒருவர். ஐம்பதானால் ஆசிரியர் இருவர் எனவும் அது வகுத்துள்ளது. நெருக்கியடித்து அமர்ந்து பாடம் கேட்கும் நம்மைப் போன்றோர்க்கு இந்தக் கணக்கு வியப்பைத் தரும்! ஜெப ஆலயத்தைக் கல்விக்கூடமாக மாற்றலாம். கல்விக்கூடத்தை ஜெப ஆலயமாக மாற்றலாகாது என்பதும் அவர்களது விதி. இரண்டில் எது உயர்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கொல்கத்தாவில் யூதர்

சிரியாவின் அலெப்போ நகரத்து வணிகரான ஷாலோம் கோஹன் 1798இல் கொல்கத்தா வந்தார். அவரைத் தொடர்ந்து பாக்தாதிலிருந்தும் யூதர் பலர் வந்தனர். அவுரி, பட்டு, அபின், சணல் எனப் பல வணிகங்களில் அவர்கள் செழித்தனர். காலப்போக்கில் அந்நகரில் ஐந்து ஜெப ஆலயங்கள் எழுந்தன. நான் கண்ட ஆலயம் எலியாஸ் எஸ்ரா என்பவர் தம் தந்தை டேவிட் ஜோசப் எஸ்ராவின் நினைவாகக் கட்டியது.

அந்த ஆலயத்திற்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே, 1881இல், யூதப் பெண்கள் பள்ளி தொடங்கப்பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. தம் பிள்ளைகள் கிறித்தவ மிஷன் பள்ளிகளுக்குச் சென்றால் தம் சமயத்தை மறந்துவிடுவர் என்ற அச்சமே அதற்குக் காரணம். பின்னர் ஆண்பிள்ளைகளுக்கென எலியாஸ் மேயர் இலவசப் பள்ளியும் தோன்றியது. வீட்டில் அரபு பேசிய குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் எபிரேயமும் கற்றனர்.

இப்பெண்கள் பள்ளியின் வரலாற்றில் மறக்கலாகாத பெயர் ரெஜினா குஹா. சட்டம் பயின்ற அவர், வழக்குரைஞராகப் பதிவு செய்யுமாறு 1916இல் விண்ணப்பித்தார். பெண் என்ற ஒரே காரணத்தால் கல்கத்தா உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. நீதிமன்றம் ஏற்க மறுத்த அவரது கல்வியை யூதப் பெண்கள் பள்ளி ஏற்றது. அதன் தலைமையாசிரியையாக அவர் விளங்கினார். பெண்கள் வழக்குரைஞராக வழிவகுத்த சட்டம் 1923இல் வந்தபோது அவர் உயிருடன் இல்லை. அவருடைய தங்கை ஹன்னா சென் தில்லியில் லேடி இர்வின் கல்லூரியை வழிநடத்தினார்.

பிரிவும் தொடர்ச்சியும்

1942இல் ஜப்பானியருக்கு அஞ்சி இரங்கூனிலிருந்து தப்பி வந்த யூதர்களுக்கும் கொல்கத்தா இடமளித்தது. அப்போது அங்கிருந்த யூதர் பல்லாயிரவர். ஆனால் 1946இன் கலவரமும், 1947இன் பிரிவினையும், மாறிய வணிகச் சூழலும் அவர்களைக் கலங்க வைத்தன. 1948இல் இஸ்ரேல் நாடு பிறந்தது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இஸ்ரேல் என ஒவ்வொரு குடும்பமாகப் புறப்பட்டது. யாரும் விரட்டவில்லை, ஆயினும் யாரும் தங்கவில்லை. இன்று அங்கு எஞ்சியோர் மிகச் சிலரே.

மறுநாள் மாலை பார்க் தெருவிலுள்ள யூதப் பெண்கள் பள்ளியின் வாயிலுக்குச் சென்றேன். மணி அடித்ததும் மாணவியர் வெளியே வந்தனர். அவர்களில் ஒருவர்கூட யூதர் அல்லர். பெரும்பாலோர் இஸ்லாமியப் பெண்கள். ஆனால் சீருடைச் சின்னத்தில் ஆறுமுனை விண்மீன் இருந்தது. எபிரேயத்தில் அதன் பெயரும் 'மாகேன் டேவிட்' தான்; தாவீதின் கேடயம் என்பது பொருள். ஆளில்லாத ஆலயத்தின் பெயரை அப்பெண்கள் நாள்தோறும் மார்பில் தாங்கிச் செல்கின்றனர்!

நான் சிந்தித்தேன். பிற சமயத்தார் இழுத்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் பிறந்த பள்ளி, தன் பிள்ளைகள் போனபின் பிற சமயத்தாரின் பிள்ளைகளாலேயே பிழைத்தது. கதவை அடைத்திருந்தால் அதுவும் ஆலயத்தைப் போல அழகிய நினைவுச் சின்னமாகியிருக்கும். தொழுகைக்கு வேண்டிய பத்துப் பேரை வெளியிலிருந்து வரவழைக்க முடியாது. ஆனால் பாடத்திற்கு வேண்டிய பிள்ளை எந்த வீட்டிலிருந்தும் வரலாம்.

நண்பர்களே! ஒரு சமூகம் விட்டுச் செல்லும் கட்டடங்களில் எது நீடிக்கும் என்று யாராவது கேட்டால், இனி எனக்கு விடை தெரியும். ஆலயத்தைத் துடைத்துக் காப்பவரும் இஸ்லாமியர். பள்ளியைத் தழைக்க வைப்பவரும் இஸ்லாமியர். உலகின் வேறிடங்களில் இவ்விரு மக்களும் பகைத்து நிற்பதாக நாளேடுகளில் படிக்கிறோம். கொல்கத்தாவில் ஒருவர் நட்ட மரத்தின் நிழலில் மற்றவர் பிள்ளைகள் அமர்ந்து படிக்கின்றனர். கல்வி ஒன்றால்தான் இது கைகூடும் என்பது என் துணிபு.