புளியங்குடி எலுமிச்சையின் வெள்ளைத் தோல்

குற்றாலச் சீசனில் பாறையில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொள்பவர்களுக்குக் குறைவில்லை. சற்று நேரத்தில் கணுக்கால் சிவந்து, வீங்கி, சூடேறி, விண்விண்ணென்று தெறிக்கும். இதுதான் அழற்சி. பழுது பார்க்க உடம்பு கிளம்பிவிட்டது என்று அர்த்தம். சில நாளில் அடங்கிவிட்டால் நல்லது. மாதக்கணக்கில் கனன்றுகொண்டே இருந்தால்தான் மூட்டும் ரத்தக்குழாயும் கெடும்.

இந்த வேலையில் முன்னால் நிற்பது மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல். அதற்குள் என்.எஃப். கப்பா பி என்றொரு புரதம். 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டுபிடித்தது. சாதாரண நேரங்களில் இன்னொரு புரதம் இதை உட்கருவுக்கு வெளியே கட்டிப்போட்டிருக்கும். கிருமியோ காயமோ வந்தால் கட்டிப்போட்ட புரதம் அழிக்கப்படும். விடுபட்டது உட்கருவுக்குள் நுழைந்து அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும். டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் சுரக்கும்; வலியைக் கூட்டும் பொருள்களைத் தயாரிக்கும் காக்ஸ்-2 நொதி உருவாகும்.

இந்தக் கட்டு அவிழாமல் பார்த்துக்கொள்ளும் தாவரப் பொருள்களில் ஃபிளேவனாய்டுகள் முக்கியமானவை. அவற்றில் ஒன்று தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியில் மூட்டை மூட்டையாக ஏலம் போகிறது: எலுமிச்சையில் உள்ள ஹெஸ்பெரிடின். சாற்றைவிடத் தோலில், அதுவும் கசக்கும் அந்த வெள்ளைப் பகுதியில் அது கூடுதல். பிழிந்துவிட்டு நாம் எறிவது அதைத்தான். தோலோடு ஊறுகாய் போட்ட ஆச்சிகள் விவரமானவர்கள். உப்புதான் கொஞ்சம் இடிக்கிறது.

வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்த ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி, 1936இல் எலுமிச்சை வகைப் பழத்தின் ஃபிளேவனாய்டுகளையும் ஒரு வைட்டமின் என்றே அறிவித்தார். அவை இல்லாததால் வரும் நோய் எதுவும் நிரூபணமாகாததால், பின்னால் அந்தப் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள்.

ஹெஸ்பெரிடினிலிருந்து சர்க்கரையைக் கழற்றினால் கிடைப்பது ஹெஸ்பெரெடின். ஆய்வகத் தட்டில் எலியின் மேக்ரோஃபேஜ்களை பாக்டீரியாவின் உறைப்பொருளால் சீண்டிவிட்டு, இதைச் சேர்த்தால் ஆர்ப்பாட்டம் தணிகிறது. ஆனால் தட்டு வேறு, வயிறு வேறு. சர்க்கரை ஒட்டிய ஹெஸ்பெரிடினைச் சிறுகுடல் அதிகம் உறிஞ்சாது. பெருங்குடல் பாக்டீரியா சர்க்கரையைக் கழற்றிய பிறகே அது உள்ளே போகும். குடலும் ஈரலும் அதையும் உருமாற்றிவிடும். ரத்தத்துக்கு வந்து சேர்வது, தட்டில் ஊற்றியதில் சிறு பங்குதான். தோலைத் தின்றால் மூட்டுவலி பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

மருந்தாகவே ஹெஸ்பெரிடின் கிடைக்கத்தான் செய்கிறது. மூலத்துக்கும் வெரிகோஸ் நரம்புக்கும் டாக்டர்கள் எழுதித் தரும் 500 மில்லிகிராம் மாத்திரையில் டயோஸ்மின் என்ற இன்னொரு ஃபிளேவனாய்டு 450, ஹெஸ்பெரிடின் 50. குடல் எளிதில் உறிஞ்சாது என்பதாலேயே இதை மிக நுண்ணிய தூளாக அரைத்து மாத்திரையாக்குகிறார்கள்.