உலர்ந்த விரலும் ஒளிரும் கண்ணாடியும்

திருவொற்றியூர்க் கடற்கரையை அடுத்த ஆரம்பப் பள்ளி ஒன்றில், 25 வருஷ காலமாகச் சாக்பீஸையும் கரும்பலகையையுமே சாதனங்களாகக் கொண்டு, மீன்பிடிப்போர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுவோர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அட்சராப்பியாசம் செய்வித்து வரும் ஆசிரியை ஒருவரை நான் அறிவேன். 2024-ஆம் வருஷம் தமிழக அரசு ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80,000 பேருக்குக் கையடக்கக் கணினி வழங்கத் தொடங்கியதில் அவருக்கும் ஒன்று கிடைத்தது. உறையைப் பிரித்து மேஜைமேல் வைத்து, ஆள்காட்டி விரலால் அதைத் தொட்டார், அசையவில்லை. அழுத்திப் பார்த்தார், அப்போதும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற இளம் ஆசிரியை தொட்டதும் படம் விரிந்தது. “எனக்கு மட்டும் கேக்க மாட்டேங்குதே” என்றார்.

அதில் அவருடைய குற்றம் ஏதுமில்லை. அந்தக் கண்ணாடி அழுத்தத்தை அறிவதில்லை. தோலின் இயல்பான ஈரத்தின் வழியே நேரும் மிக நுட்பமான மின்மாறுதலையே அறிகிறது. நாள் முழுதும் சுண்ணப்பொடியில் உலர்ந்த விரலை அது உணராமல் போவது சகஜம். ஆனால் இந்தக் காரணத்தை அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே தம் வயதையே அவர் நொந்துகொண்டார்.

2018-ஆம் வருஷம் முதல் நம் பாடப்புத்தகங்களில் இடம்பெற்ற கட்டம்கட்டமான கியூஆர் கோடும் இப்படித்தான் விளக்கமின்றி வந்து சேர்ந்தது. மோட்டார் வாகன உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக 1994-இல் ஜப்பானிய டென்சோ வேவ் நிறுவனம் கண்ட உபாயம் அது. மூன்று மூலைகளிலுள்ள சதுரங்களைக் கொண்டு கேமரா திசையைத் தெரிந்துகொள்கிறது. உயர்ந்த பிழைதிருத்தத் தரத்தோடு அச்சிட்டால் 30 சதவீதம் வரை அழிந்தாலும் செய்தி மீளும். எண்ணூர் அசோக் லேலண்டு ஆலையின் நிழலில் வளரும் பிள்ளைகளுக்கு, வண்டிச் சாமானுக்குப் பிறந்த குறியே தங்கள் பாடத்தைத் திறக்கிறது என்று சொன்னால் எவ்வளவு உவகை பிறக்கும்! அதைச் சொல்ல வேண்டிய ஆசிரியருக்கு முதலில் அது தெரிய வேண்டாமா?

பயிற்சிகளுக்குக் குறைவில்லை. 2017-இல் தீக்‌ஷா என்ற ஆசிரியர்களுக்கான இணையத் தளம் வந்தது. 2019-இல் நாடெங்குமுள்ள 42 லட்சம் ஆசிரியர்களை உத்தேசித்து நிஷ்டா பயிற்சி தொடங்கி, பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிக்கு மாறிற்று. இவற்றைவிட என் மனத்தைக் கவர்ந்தது 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே. ஒரே வகுப்பிலுள்ள குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலையறிந்து பிரித்துப் போதிக்கும் அந்த முறையில், பின்தங்கிய குழந்தையும் வெட்கமின்றி முன்னேற இடமிருக்கிறது. குழந்தைக்குக் காட்டும் இந்த விவேகத்தை ஆசிரியருக்கும் காட்டலாகாதா? நேற்றுப் பணியில் சேர்ந்தவரையும், ஓய்வுக்கு மூன்று வருஷமே இருப்பவரையும் ஒரே கூடத்தில் அமர்த்தி, ஒரே வேகத்தில் திரையில் ஓட்டிக் காட்டினால், அரும்பு நிலையிலுள்ளவர் சங்கோசத்தால் சந்தேகம் கேளாமலே வீடு திரும்புகிறார். செயலியில் விவரம் பதிவதற்கே பாடவேளை கரைந்துபோனால், கற்றதை அப்பியாசம் செய்யவும் அவருக்குப் பொழுதேது?

நான் சொன்ன ஆசிரியை கற்றது, பள்ளி விட்ட பின் தினமும் கால் மணி நேரம், சத்துணவுக் கூடத்துத் திண்ணையில், அந்த இளம் ஆசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்துதான். கேட்டதையே நாலு தரம் கேட்டார். அவளும் நாலு தரமும் சொன்னாள். ஒரு மாதத்தில், பாடத்துக்குரிய காணொளியைத் தாமே திறந்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளைக் கேள்வி கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

அண்மையில் அங்கே போயிருந்தபோது, ராயபுரத்திலிருந்து மாறுதலாகி வந்திருந்த மூத்த ஆசிரியை ஒருவர் அதே திண்ணையில் கணினியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். நம் ஆசிரியை அருகில் சென்று, தம் ஈரக் கைக்குட்டையை நீட்டினார்: “விரலை முதல்ல துடைங்க டீச்சர். சாக்பீஸ் கைக்கு இது கேக்காது.”