இடப்பக்க இருக்கையில் அமர்ந்திருப்பவர்

பெருங்களத்தூரை அடுத்த வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலையில் இளைஞர்கள் இரவு நேரங்களில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுவதும், காவல் துறையினர் மடக்கிப் பிடிப்பதும் நமக்குப் பழகிப்போன செய்திகள். பிடிபட்டவர்களுக்குப் பெரியவர்கள் கூறும் அறிவுரையும் பழகியதே: "வேகம்தான் வேண்டுமென்றால் பந்தயத் தடத்துக்குப் போய் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்." நல்ல அறிவுரை. அதே வெளிவட்டச் சாலையில் நசரத்பேட்டை வரை சென்று பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. ஆனால், அங்கே கற்றுக்கொடுப்பவர் எங்கே அமர்ந்திருக்கிறார், அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவை குறித்து நாம் பேசுவதில்லை.

இந்திய மோட்டார் பந்தயத்தில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்திவிட்டு, பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளமுள்ள சொந்தத் தடத்தை அமைத்தது. கோவை அருகே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயமே நடந்தது. அரசும் அதற்குத் துணை நின்றது. இத்தகைய தடங்களில் பந்தயம் இல்லாத நாள்களில் பயிற்சிகள் நடக்கின்றன. பந்தய வீரராக விரும்புவோர் ஒருபுறம். வேகமான கார் ஒன்றை வாங்கிவிட்டு, அதை முழுத்திறனில் ஓட்டிப் பார்க்க விரும்புவோர் மறுபுறம். இந்த இரண்டாம் வகையினர் பெருகுவார்கள் என்பதைக் கணிக்கப் பொருளாதாரப் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை.

சாலையில் 'எல்' பலகையுடன் ஊர்ந்து செல்லும் பயிற்சிப் பள்ளிக் காரைப் பாருங்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24-ஆவது விதி, அந்த வாகனத்தைப் பயிற்றுநரும் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் வகையில் இரட்டைக் கட்டுப்பாட்டு வசதி வேண்டும் என்கிறது. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் 30 கி.மீ. வேகத்தில் கற்றுக்கொடுப்பவரின் காலடியில் ஒரு பிரேக் மிதி இருக்கிறது. சாலை உரிமத்துக்குத் தயார்செய்யும் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. பந்தயத் தடத்துக்குத் தம் சொந்தக் காரைக் கொண்டுவரும் ஒருவர் 140 கி.மீ. வேகத்தில் வளைவை நெருங்கும்போது, பக்கத்தில் இருக்கும் பயிற்றுநரின் காலடியில் தரைவிரிப்பைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. அவரிடம் இருப்பது குரல் மட்டும்தான்.

அந்தக் குரலால் எவ்வளவு முடியும்? மணிக்கு 144 கி.மீ. என்பது நொடிக்கு 40 மீட்டர். தவறைப் பயிற்றுநர் உணர்ந்து, சொல்லாக்கி, அதை மாணவர் காதில் வாங்கிக் காலால் செயல்படுத்த ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், கார் 60 மீட்டர் கடந்திருக்கும். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். புதியவரின் இயல்பான அச்சமே இங்கு எதிரியாகிவிடுகிறது. வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் காரின் எடை முன்பக்கம் சாயும், பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும், கார் சுழலும். "காலை எடுக்காதீர்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 2013 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தடத்தில் இளைஞர் ஒருவருக்குப் பயிற்சியளித்துக்கொண்டிருந்த ஷான் எட்வர்ட்ஸ், கார் தடுப்பில் மோதியதில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 26. போர்ஷே சூப்பர் கப் தொடரின் புள்ளிப்பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர். (1976-இல் நூர்பர்க்ரிங்கில் எரியும் காரிலிருந்து நிக்கி லாடாவை மீட்டவர்களுள் ஒருவரான கை எட்வர்ட்ஸின் மகன் இவர்.) தாமே ஓட்டிய பந்தயங்களில் தப்பியவர், பயணியாக அமர்ந்திருந்தபோது இறந்தார். ஓட்டிய இளைஞர் படுகாயத்துடன் பிழைத்தார்.

2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கட்டணம் செலுத்தி லம்போர்கினி ஓட்ட வந்த வாடிக்கையாளரின் பக்கத்தில் அமர்ந்திருந்த பயிற்றுநர் மாண்டார். அந்தத் தடம் எந்தத் திசையில் ஓட்டுவதற்காக அமைக்கப்பட்டதோ, அதற்கு எதிர்த்திசையில் கார்கள் ஓட்டப்பட்டுக்கொண்டிருந்தன. அதனால் இரும்புத் தடுப்பின் மூடப்படாத முனை, வரும் காரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. கார் அதில் மோதியது பயணி இருக்கைப் பக்கமாக. வாடிக்கையாளர் உயிர் தப்பினார். தடம் அதே ஆண்டில் மூடப்பட்டது. அந்த முனையை மறைக்கவோ, கார்களை உரிய திசையில் ஓட்டச் சொல்லவோ பெருஞ்செலவு ஆகியிராது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் 2023-இல் இரு உயிர்கள் போயின. ஜனவரியில் தேசிய கார் பந்தயத்தில் 59 வயதான மூத்த வீரர் கே.இ.குமார், ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன். இவ்விருவரும் போட்டியாளர்கள், பயிற்றுநர்கள் அல்லர். ஆயினும், மருத்துவக் குழுவும் அனுபவமிக்க அலுவலர்களும் ஆயத்தமாக இருக்கும் போட்டி நாளிலேயே இப்படியென்றால், சாதாரணப் பயிற்சி நாளில் ஏற்பாடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பது பிழையாகாது.

"ஆபத்து தெரிந்துதானே அமர்கிறார், அதற்குத்தானே ஊதியம்?" என்று சிலர் வாதிடலாம். ஆபத்தான தொழிலுக்குக் கூடுதல் ஊதியம் கிடைக்கும் என்பது ஆடம் ஸ்மித் காலத்திலிருந்து வரும் கோட்பாடு. ஆனால், 1776-இல் வெளிவந்த அதே நூலில் ஸ்மித் இன்னொன்றையும் கவனித்திருந்தார். மனிதர்கள், குறிப்பாக இளைஞர்கள், தமக்குக் கிட்டக்கூடிய நன்மையை மிகைப்படுத்தியும் நேரக்கூடிய இழப்பைக் குறைத்தும் மதிப்பிடுகிறார்கள். ஆகவே வீரமும் புகழும் சேர்ந்த தொழில்களில் ஆபத்துக்கேற்ற ஊதியம் கிடைப்பதில்லை. படைவீரர்களையும் மாலுமிகளையும் பற்றி அவர் சொன்னது, தம் பந்தயச் செலவுக்குப் பணம் சேர்க்கப் பயிற்சியளிக்கும் இளம் வீரருக்கும் அப்படியே பொருந்தும். தவிர, அவருக்கு எல்லாம் தெரியும் என்பதும் உண்மையில்லை. மாணவரின் காரில் பிரேக் திரவம் எப்போது மாற்றப்பட்டது, மாணவர் சொன்னால் கேட்பவரா, நண்பர்கள் முன்னால் வேகத்தைக் காட்ட வந்தவரா என்பதெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகே தெரியவரும்.

கைடோ கலப்ரேசி 1970-இல் வெளியிட்ட விபத்துச் செலவுகள் பற்றிய நூல், விபத்தை மிகக் குறைந்த செலவில் தவிர்க்கக்கூடியவர் மீதே பொறுப்பைச் சுமத்த வேண்டும் என்றது. பந்தயத் தடத்தில் அவர் யார்? பயிற்றுநர் அல்லர், அவரிடம் மிதியும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. மாணவரும் அல்லர், தமக்கு என்ன தெரியாது என்பதே தெரியாதவர் அவர். நடத்துபவர்தான். தடுப்புகளைச் சரிபார்ப்பதும், கார்களைச் சோதிப்பதும், கத்துக்குட்டிகளைத் தனிக்குழுவாகப் பிரிப்பதும் அவரால் மட்டுமே முடியும்.

அவர் செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது, இரு இருக்கைகளுக்கும் ஒரே பாதுகாப்பு. ஓட்டுபவர் பந்தயப் பட்டைகளால் இருக்கையோடு இறுக்கப்பட்டிருக்க, பக்கத்தில் இருப்பவர் சாதாரண சீட் பெல்ட்டுடன் அமர்வது அநீதி. தலையையும் கழுத்தையும் காக்கும் ஹான்ஸ் கருவி ஃபார்முலா 1-இல் 2003-இலேயே கட்டாயமானது. பந்தயப் பட்டை அணியும் இருவருக்கும் அது வேண்டும். காற்று, இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே கத்திக்கொண்டிருக்காமல், தலைக்கவசத்துக்குள்ளேயே பேசிக்கொள்ளும் கருவியும் தேவை. இதற்கெல்லாம் ஆகும் செலவு, அந்தக் காரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

புதியவர்களைப் பொறுத்தவரை, பயிற்றுநரைக் காருக்குள் அமர்த்தாமலிருப்பதே மேல் என்பது என் கருத்து. கார் நிறுவனங்கள் பலவும் நடத்தும் பயிற்சிகளில் பயிற்றுநர் தனிக் காரில் முன்னே செல்கிறார். மாணவர்கள் வரிசையாகப் பின்தொடர்கிறார்கள். வாக்கி டாக்கியில் அறிவுரை வருகிறது. வேகம் எவ்வளவு என்பதைப் பயிற்றுநரின் வலது கால் தீர்மானிக்கிறது. பக்கத்தில் அமர்ந்து கண்ணின் போக்கையும் கையின் பதற்றத்தையும் கவனிப்பதற்கு இது ஈடாகாது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. அப்படியானால் பக்கத்தில் அமரும் கட்டத்தை, மாணவர் பின்தொடர்ந்து ஓட்டித் தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம். அப்போதும் "போதும், உள்ளே போங்கள்" என்று எந்தச் சுற்றிலும் நிறுத்தச் சொல்லும் உரிமை பயிற்றுநருக்கு இருக்க வேண்டும். அதனால் அன்றைய ஊதியம் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. கட்டணம் கொடுத்தவரைப் பாதியில் இறக்கிவிடும் துணிவு, ஊதியம் உறுதியாக இருந்தால்தான் வரும்.

மிச்சமிருப்பது இழப்பீடு. வழக்கமான தனியார் கார் காப்பீட்டுப் பத்திரம், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கி வைக்கிறது. பணியில் காயமடைந்தவர் முதலாளியின் குற்றத்தை நிரூபிக்காமலே இழப்பீடு பெறலாம் என்ற கோட்பாட்டை 1923-ஆம் ஆண்டுச் சட்டமே இந்தியாவில் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அன்றாட ஊதியத்துக்கு வந்துபோகும் பயிற்றுநர் தொழிலாளியா, தனித்த ஒப்பந்ததாரரா என்ற கேள்வியிலேயே வழக்கு ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொள்ளும். ஆகவே, பயிற்சி நாளுக்கென்று தனி விபத்துக் காப்பீடு எடுத்து, அதில் ஒவ்வொரு பயிற்றுநரின் பெயரையும் குறிப்பிட்டு, பந்தயத் தடத்தில் பயணியாக அமர்ந்திருப்பதும் அதில் அடங்கும் என்று எழுதி வாங்க வேண்டும். மகனையோ மகளையோ பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், பணம் கட்டும்போதே அந்தப் பத்திரத்தைக் காட்டச் சொல்லலாம்.