இளகலும் வலிமையும்

சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அதன் இயல்பைத் திருத்தினர் நம் முன்னோர். இன்று அப்பணியை வேதிக் கலப்புப்பொருள்கள் செய்கின்றன.

கோவை பீளமேட்டின் வழியே அவிநாசி சாலை மேம்பாலம் செல்கிறது. இத்தகைய பாலங்களில், நெருங்கிய கம்பிகளுக்கிடையே கற்காரைக் கலவை இடைவெளியின்றிப் பாய்ந்து நிரம்புதல் வேண்டும். நீரைக் கூட்டினால் கலவை இளகும். ஆயினும், மிகைநீர் வெளியேறியபின் நுண்துளைகள் எஞ்சி வலிமை குன்றும்.

சிமெண்டுத் துகள்கள் ஒட்டித் திரளும்போது, நீரின் ஒரு பகுதி அத்திரள்களுக்குள் சிறைப்படுகிறது. மீநெகிழியாக்கி என்னும் கலப்புப்பொருள் துகள்களின்மேல் படிந்து அவற்றை விலக்குகிறது. சிறைப்பட்ட நீர் விடுபடுவதால், கலவை குறைந்த நீரிலேயே எளிதாக ஓடுகிறது.

அளவு மிகுந்தால் சல்லி பிரிந்து அடியில் தங்கும், இறுகுதலும் தாமதமாகும். ஆகவே, இந்தியத் தரநிலை 456 (2000) இதன் அளவைப் பொதுவாகச் சிமெண்டு வகைப் பொருள்களின் எடையில் 2 விழுக்காட்டுக்குள் வரையறுக்கிறது.